வாசலுக்குச் சொந்தமான மழைக்கோட்டு

அந்தப் பஸ் கண்டக்டர் தோள்பையைக்கூடக் கழற்றாமல் வக்கீல் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விட்டால் விசில் ஊதிவிட்டு எழுந்து போய்விடுவார் போலிருந்தது.

"என் தம்பி பட்டாளத்துல சிப்பாய், மேடம். வெடிமருந்துக் கிடங்குக் காவல விட்டு ஓடிட்டான்னு கேஸ். நாளைக்கு விசாரணை. வேலை போறது நிச்சயம், ஜெயிலும் இருக்கலாம்கறாங்க."

"அவர் என்ன சொல்றார்?" என்றார் வக்கீல்.

"'தப்பு என்னோடதுதான்க்கா.' அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. நெட்டையன்னு ஊரே கூப்பிடும். ஒட்டடை அடிக்கக் கம்பு வேண்டாத உயரம். இப்போ கூனிக்குறுகி உக்காந்திருக்கான்."

பக்கத்து மேசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கொழுந்தன் பேனாவை வைத்தான். வக்கீல் அவனுடைய அண்ணி. முன்பு ராணுவத்தின் சட்டப் பிரிவில் இருந்தவர். அவனோ துப்பறியும் கதைகளைத் தின்றே வளர்ந்தவன். சாதாரண வாடகைத் தகராறு வந்தால்கூட அதில் ஒரு சுரங்கப் பாதையாவது இருக்கக் கூடாதா என்று ஏங்குவான்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எப்போ தெரிஞ்சுது?" என்றார் அண்ணி.

"மறுநாள்தான். அன்னிக்கு நானே ஒரு கண்டத்துல இருந்தேன். மத்தியானம் பிடிச்ச மழை விடவே இல்ல. எங்க பஸ் வாய்க்கால்ல இறங்கிடுச்சு. ஒருத்தருக்கும் கீறல்கூட இல்ல. ஆனா எங்க டிப்போ அவசரக் குடுக்கைங்க, பஸ் கவுந்துடுச்சுன்னு எல்லார் வீட்டுக்கும் தகவல் சொல்லிட்டாங்க. நான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு உயிரோட இருக்கேன்னு சொன்னேன். முகாம் காவலறைக்கும் போட்டேன்."

"யார் எடுத்தாங்க?"

"சார்ஜென்ட்னார். ரொம்ப நேரம் மணி அடிச்சப்புறம்தான் எடுத்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நான் நல்லா இருக்கேன்னு தம்பிகிட்ட சொல்லிடுங்கன்னேன். 'ரொம்ப நன்றிம்மா, ரொம்ப நன்றி'ன்னார். நான்ல நன்றி சொல்லணும்?"

அண்ணி அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். கண்டக்டர் போனதும் கொழுந்தன் எழுந்தான்.

"அண்ணி, கிடங்குல வெடிமருந்து இருக்கு. யாரோ உளவாளி அந்தப் பையனை மிரட்டி..."

"உன் கற்பனைக் குதிரையைக் கொஞ்சம் கட்டிப் போடு தம்பி. நாளைக்குக் காலையில நல்ல செருப்பா போட்டுட்டு வா. முகாம்ல சேறு இருக்கும்."

முகாமில் சேறு இருந்தது. கேப்டன் முன்னால் நடந்து எல்லாவற்றையும் காட்டினார். கிடங்கின் வாசல், அதையொட்டி ஓர் ஆள் நிற்கத் தகர மறைப்பு, அதில் ஓர் ஆணி. வளைவைத் தாண்டினால் காவலறை. அங்கே உள்ள டெலிபோனுக்கு வெளியிலிருந்து அழைப்பு வரும், அதிலிருந்து வெளியே பேச முடியாது. வெளியே பேச மைதானத்தைக் கடந்து அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

"மைதானத்துல கொட்டுற மழையில ஓடிட்டிருந்தான்," என்றார் கேப்டன். "பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தேன். வாசல் காலி. மழைக்கோட்டு இந்த ஆணியில சொட்டிட்டுத் தொங்குது. அதைக்கூட மாட்டிக்காம ஓடியிருக்கான். சாட்சிக்காக அப்படியே எடுத்து வச்சிருக்கேன்."

"இந்தக் கோட்டு யாருடையது?"

"வாசலுக்குச் சொந்தம். ஆள் மாறும்போது கோட்டும் கை மாறும். காவல் இடத்தை விட்டு அது நகரக் கூடாது. விதி."

அண்ணி கோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு கைகளும் நுனியில் இரண்டு மடிப்பு மடிக்கப்பட்டிருந்தன. கொழுந்தனும் எட்டிப் பார்த்தான். அவனுக்கு அது வெறும் மடிப்பாகத்தான் தெரிந்தது.

விசாரணை கர்னலின் அறையில் நடந்தது. நெட்டையன் ஜன்னலோரம் விறைப்பாக நின்றான். அன்றைய காவலுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் கதவோரம் நின்றார். நரைத்த தலை, குள்ள உருவம், ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. கண்டக்டர் பின் வரிசையில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஐயா, உங்க அனுமதியோட இந்தக் கோட்டைச் சிப்பாய் ஒரு தடவை போட்டுக்கட்டும்," என்றார் அண்ணி.

நெட்டையன் தயங்கினான். கர்னல் கண்ணைக் காட்டினார். மடிப்பைப் பிரித்துவிட்ட பிறகும் மணிக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

"இவருக்கு மடிப்பைப் பிரிச்சாலே கை பத்தல. மடிச்சு விட்டது யார்? இவருக்கு அப்புறம் இதைப் போட்டுக்கிட்ட ஒரு குள்ளமான ஆள். அப்படின்னா இவர் காவலை விட்டு ஓடல. கோட்டை ஒருத்தர் கையில கொடுத்துட்டு, விதிப்படி மாத்திக்கிட்டுப் போயிருக்கார்."

"அந்த ஆளும் அங்க இல்லையே," என்றார் கேப்டன்.

"இல்லதான். அன்னிக்கு இந்தம்மா காவலறைக்குப் போன் பண்ணினாங்க. டெலிபோன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்க வேண்டியவருக்கு ஏன் மூச்சு வாங்கணும்? அவர் அந்த அறையில இல்ல. வாசல்ல நின்னுட்டிருந்தார். மணி சத்தம் கேட்டு ஓடி வந்தார். அந்த அவசரத்துலயும் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, நனைஞ்சுட்டே ஓடினார். ஏன்னா கோட்டு வாசலுக்குச் சொந்தம். திருடன் கோட்டோட ஓடுவான். இவங்க ரெண்டு பேருமே விதியை ரத்தத்துல ஊறவச்சவங்க, அதான் கொட்டுற மழையில கோட்டை விட்டுட்டு ஓடினாங்க."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கண்டக்டர் எழுந்து நின்றிருந்தார்.

"அப்போ டிப்போக்காரன் இங்கயும்..."

"ஆமாம்மா," என்றார் சார்ஜென்ட். ஓரடி முன்னால் வந்தார். "உங்க பஸ் கவுந்துடுச்சுன்னு தகவல் வந்துச்சு. இவனுக்கு உங்களை விட்டா வேற யார் இருக்கா? மாத்தி விட ஆள் இல்ல. 'நான் நிக்கறேன், நீ போய்ப் பேசு'ன்னு அனுப்பினேன். மறுபடி மணி அடிச்சப்போ, உங்களைப் பத்தித்தான் இருக்கும்னு ஓடினேன். நீங்களே பேசினீங்க. எனக்கு உயிர் வந்துச்சு. சொல்லலாம்னு வெளிய வந்தா கேப்டன் இவனைப் பிடிச்சிட்டு நிக்கறார். அவருக்குப் பின்னால இருந்து இவன், 'வேண்டாம்'னு தலையாட்டுறான்."

"நீங்க சொல்லியிருக்கணும்," என்றார் கர்னல்.

"சொல்லியிருக்கணும் ஐயா. பென்ஷன் கண்ணை மறைச்சிடுச்சு. காவல் தலைவன் டெலிபோனை விட்டதும் தப்பு, வாசலை விட்டதும் தப்பு. ரெண்டும் என்னோடது. இவனோடது ஒண்ணும் இல்ல."

நெட்டையன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அவர் போகச் சொல்லலைன்னா அன்னிக்கு நான் அங்க நின்னே செத்திருப்பேன் ஐயா. அவரை எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?"

கர்னல் கோட்டை வாங்கித் தன் மேசைமேல் வைத்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். காவல் தலைவன் மாற்றி விட்ட சிப்பாய் மேல் குற்றமில்லை. சார்ஜென்டுக்குக் கடுமையான கண்டிப்பு உண்டு, பென்ஷனில் கை வைக்கப்படாது. கேப்டன் நெட்டையனிடம் போய்க் கை நீட்டினார்.

திரும்பி வரும் வழியில் கொழுந்தன் கேட்டான். "கோட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சா அண்ணி?"

"இல்ல தம்பி, நேத்தே பாதி தெரியும். அந்தம்மா உயிரோட இருக்கறதுக்கு ஒரு அந்நியர் ரெண்டு தடவை நன்றி சொன்னார் பார். அப்படின்னா பஸ் கவுந்த தகவல் முன்னாடியே அங்க போயிருக்கணும், அவர்தான் பையனை அனுப்பியிருக்கணும்."

சில மாதங்கள் கழித்துக் கொழுந்தன் அதே கண்டக்டரின் பஸ்ஸில் ஏறினான். முன் இருக்கையில் சாதாரண உடையில் சார்ஜென்ட். முழுக்கைச் சட்டை, அதே இரண்டு மடிப்பு. சில்லறையை நீட்டினார். கண்டக்டர் அதை வாங்கவில்லை.

"வேண்டாம்மா, விதி விதிதான். டிக்கெட் இல்லாம நான் வர மாட்டேன்."

"யார் இல்லாம வரச் சொன்னா?" கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அவருடைய சட்டைக் கை மடிப்பில் செருகினார். தன் சொந்த மணிபர்ஸைத் திறந்து, காசை எடுத்துத் தோள்பையில் போட்டார். "டிக்கெட் கிழிச்சாச்சு, காசும் கட்டியாச்சு. உக்காருங்கண்ணே, எறங்கற எடம் வந்தா நானே சொல்றேன்."

பிறகு விசில் ஊதினார்.