புன்னைவாயில் துறையில் கேட்ட கேள்வி

மார்கழி மாதத்துப் பௌர்ணமி நிலவு கீழ்க்கடலின் விளிம்பில் பொற்குடமாய் எழுந்து, அலைகளின்மேல் ஒளிப்பாதை விரித்துக்கொண்டிருந்த அந்த அந்திவேளையில், வாடைக் காற்றைப் பாயில் வாங்கிக்கொண்டு சிறு தோணி ஒன்று புன்னைவாயில் துறையை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தவன் ஏகன் மழவன். வேளைக்காரப் படையின் மெய்காவல் வீரன். சுக்கானருகே அமர்ந்திருந்தவள் அரிஞ்சிகை. போரில் மாண்ட சிற்றரசர் ஒருவரின் ஒரே மகள்.

வாசக அன்பர்களே, அந்த அழகிய நிலவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றால் வியப்படையாதீர்கள். பின்னே, தந்தையைக் கொன்று கோட்டையைப் பிடித்த முனையரையன், அவளையும் மணக்கத் துடித்து ஆட்களை ஏவியிருந்தான். முன்னே, துறையை அடுத்த தோப்பில், மாமன் அனுப்பிய பல்லக்கு மறைவாகக் காத்திருந்தது. அந்த மாமனோ படையுதவிக்கு ஆசைப்பட்டு, அவளைப் பல் விழுந்த மலைநாட்டு மன்னனுக்கு மணமுடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான்! எந்தக் கரையில் இறங்கினாலும் சிறைதான். மூன்று நாளாகத் தோணியின் ஆறு முழ நீளத்தில்தான் அவள் மூச்சு விட்டாள்.

"தேவி, இன்னொரு முறை சொல்லுங்கள். என் பெயர் என்ன?"

"சாத்தன் பொறியன். உப்பு வணிகர். நான் தங்கள் மனைவி. போதுமா? கிளிப்பிள்ளைகூட இதற்குள் அலுத்துப்போயிருக்கும்!"

"துறை முனையரையன் ஆட்களின் கையில் இருக்கிறது. தடுமாறாமல் சொல்ல வேண்டும்" என்றான் மழவன். பாவம், பதினாறு வயதில் பாசறைக்குப் போனவன்! வாள் பிடிக்கத் தெரிந்த அளவுக்குக் குடித்தனம் தெரியாது.

துறையில் சுங்கத் தலைவன் தீவட்டியோடு வந்தான். தொந்தி சரிந்த கிழவன். கண் மட்டும் கழுகுக் கண். தோணியிலிருந்த உப்பு மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டு, மழவனைக் கரையில் பத்தடி தள்ளி நிறுத்தச் செய்தான். இரண்டு வேல்கள் அவன் மார்புக்கு நேரே நீண்டன.

"பெண்ணே, உன் கணவன் பெயரைச் சொல்!"

அரிஞ்சிகை வாயைத் திறந்தாள். அப்போது தீவட்டி வெளிச்சத்தில் மழவனுடைய உள்ளங்கை தெரிந்தது. அவள் உறங்குவதற்காக மூன்று நாள் கண்ணயராமல் கயிறு பிடித்துப் பிடித்துத் தோலுரிந்து போயிருந்த கை. இவரை விட்டுவிட்டு எந்தப் பல்லக்கில் ஏறுவேன் என்று நினைத்தாள். நூறு முறை சொல்லிப் பழகிய அந்தப் பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது; தலை தானாகக் குனிந்தது.

"சொல் என்கிறேனே! சொல்லாவிட்டால் இவன் தலை உருளும்!"

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மழவனின் கை இடைக்கச்சையில் மறைத்திருந்த குறுவாளைத் தேடிற்று.

கிழவன் தொந்தி குலுங்கச் சிரித்தான். "வேல்களை இறக்குங்களடா! இந்த வாரம் மூன்று ஒற்றர் ஜோடிகள் அகப்பட்டன. மூன்று பெண்களும் கேட்ட மாத்திரத்தில் கணவன் பெயரைப் பட்டென்று சொன்னார்கள். எந்தக் குடும்பப் பெண் அப்படிச் சொல்வாள்? போ தாயே, நீ உண்மையான மனைவி!"

காவலர்கள் அடுத்த தோணிக்கு நகர்ந்தார்கள். மழவன் மீண்டும் தோணியில் ஏறி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"கெடுக்க இருந்தேன், தேவி! அந்தச் சூழ்ச்சி தங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"தெரியாது. சொல்ல முடியவில்லை."

"அது பொய்ப் பெயர்தானே?"

"பெயர் பொய். மற்றது பொய்யில்லை."

மழவன் முகம் வெளிறியது. அதற்குள் தோப்பிலிருந்து இரண்டு பந்தங்கள் வெளிப்பட்டன. நடுவே திரை தொங்கும் பல்லக்கு அசைந்து வந்தது.

"தேவி, நான் வெறும் போர்வீரன். தங்கள் தந்தையின் பாதம் தொட்டுச் சபதம் செய்தவன்..."

"என்னவென்று?"

"தங்களைப் புன்னைவாயில் துறையில் பத்திரமாக இறக்குவேன் என்று."

அரிஞ்சிகை தோணியிலிருந்து கரையில் குதித்தாள். ஈர மணலில் இரு பாதங்களையும் அழுத்தி ஊன்றி நின்றாள்.

"இறக்கிவிட்டீர், சபதம் நிறைவேறிற்று. இனி என் சபதத்தைக் கேளும். அந்தப் பல்லக்கில் என் பிணம்தான் ஏறும்!"

சொல்லிவிட்டு, மறுபடியும் தோணியை நோக்கித் திரும்பினாள். பந்தங்கள் ஓட்டமாய் நெருங்கின. யாரோ "இளவரசி!" என்று கூவினார்கள், சுங்கக் கிழவன் அந்தக் கூவலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினான்.

தோணியைக் கரையில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. மழவன் குறுவாளால் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினான். காயம்பட்ட கையை அவளிடம் நீட்டினான்.

"ஏறு, அரிஞ்சிகை!" என்றான்.