இவர் இவரேதான்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்டின் டவுனில் அந்த மாடிவீட்டுப் படி ஏறும்போதே, நனைந்த கம்பளி வாடை முகேஷின் மூக்கில் ஏறியது. வெளியே நல்ல வெயில். பழைய வீடு, சுவரில் ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே போனான். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் டொமினிக், மாடிக் கூடத்தை மாதம் ஒரு ஞாயிறு கல்லூரிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

கட்டற்ற மென்பொருள் பைத்தியங்கள் கூடும் இடம் அது. முகேஷ் அதில் முற்றிய பைத்தியம். ஜீவனஹள்ளியில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன், பிசிஏ இரண்டாம் ஆண்டு. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, மூடியே தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தான். "ஃப்ரீன்னா ஓசி இல்லடா, சுதந்திரம்" என்று கேன்டீனில் அவன் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவனின் டீ ஆறிப்போகும்.

அப்படி அவன் பிடித்துவைத்துப் பேசியவர்களில் காது கொடுத்துக் கேட்டவள் அனுஷா ஒருத்திதான். சேலத்துப் பெண், அதே வகுப்பு. அவளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது முகேஷ். மென்பொருளைத் தமிழாக்கி அனுப்பக் கற்றுக்கொடுத்ததும் முகேஷ். இப்போது குழுவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் "அனுஷாவக் கேளு" என்றார்கள். அவனும் சிரித்துக்கொண்டே "ஆமா, அவளையே கேளுங்க" என்பான். வயிறு எரியும்.

அன்று நடந்தது சாவிக் கையெழுத்துக் கூட்டம். இணையத்தில் முகம் பார்க்காதவர்கள் ஒன்றாக வேலை செய்வதால், வேலையை அனுப்பியது இன்னார்தான் என்று காட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு டிஜிட்டல் சாவி உண்டு. அந்தச் சாவியை நம்ப வேண்டுமானால் நேரில் சந்திக்க வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் படத்தையும் எதிரில் நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, தாளில் டிக் அடித்து, வீட்டுக்குப் போய் அவர் சாவியில் கையெழுத்திட வேண்டும். இவரை என் கண்ணால் பார்த்தேன், இவர் இவரேதான் என்பதற்குச் சாட்சி அந்தக் கையெழுத்து.

சென்னையிலிருந்து வேதநாயகி மேடம் வந்திருந்தார். உலகம் முழுக்க ஆட்கள் இருக்கும் பெரிய திட்டம் ஒன்றில் அவர் உறுப்பினர். அதில் சேர வேண்டுமென்றால் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரின் கையெழுத்து கட்டாயம். முகேஷ் அதற்காகத்தான் இருந்ததிலேயே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தான்.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மேடம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அனுஷாவின் அட்டையைப் பார்த்து, "உன் தமிழாக்கம்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லி டிக் அடித்தார். அடுத்தது முகேஷ். அட்டையை நீட்டியேவிட்டான்.

"அடடா, ட்ரெயினுக்கு நேரமாயிடுச்சே. மன்னிச்சுக்கோங்க தம்பி, அடுத்த தடவை கண்டிப்பா" என்று மேடம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அனுஷா வரை வந்த கையெழுத்து அவனிடம் வராமல் நின்றுபோனது. "விடுடா, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்" என்றாள் அவள். கிடைத்தவள் சொல்லும் ஆறுதல். அவளைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

"எனக்கு இன்னும் பாக்கல."

வரிசையின் கடைசியில் ஒருவன் நின்றிருந்தான். ஒல்லி உடம்பு, சாம்பல் நிற ஸ்வெட்டர், நெற்றியில் ஒட்டிய முடி. படிக்கட்டில் வந்த வாடை அவன்மேல்தான் அடித்தது.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் கெடைச்சுது, இல்ல?" மிக மெதுவாகக் கேட்டான்.

முகேஷ் தன் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எனக்குத் தெரியும், எப்படி இருக்கும்னு. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் டிக் போட்டுக்குவாங்க. நாம நின்னுனே இருப்போம்." அட்டையை நீட்டினான். "என் பேரு உமேஷ். நான் உனக்குப் போடறேன், நீ எனக்குப் போடு. அவகிட்ட இல்லாத ஒண்ணு உன்கிட்ட இருக்கும்."

அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பெயர் மட்டும் தெரிந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் நீலச் சாயம் கரைந்து கிடந்தது.

"படம் தெரியலையே?"

"மழைல நனஞ்சிடுச்சு."

மழையா, எப்போது என்று கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் அனுஷா நான்கு பேருக்கு நடுவில் நின்று சிரித்தாள். முகேஷின் கண் அங்கே போனது. கை டிக் அடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் யாரும் இல்லை. தரையில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உமேஷின் சாவியில் கையெழுத்திட்டு அனுப்பினான். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. உமேஷும் போட்டிருந்தான். கூடவே ஒரே ஒரு வரி: "என்னைப் பார்த்ததுக்கு நன்றி."

முகேஷ் அதைப் படம் பிடித்து அனுஷாவுக்கு அனுப்பினான். "யாருடா இது? இப்படி ஒருத்தர் அங்க வரவே இல்லையே?" என்று கேட்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத ஆள், அவளிடம் இல்லாத கையெழுத்து. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

மறுநாள் போன் அவன் முகத்தைப் பார்த்துத் திறக்கவில்லை. துடைத்துவிட்டுக் காட்டினான். அப்போதும் திறக்கவில்லை. கல்லூரி வாசலில் வருகைப்பதிவு கேமராவும் அவனை ஏற்கவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தான். அவனுக்குப் பின்னால் வந்த அனுஷாவுக்கு மெஷின் உடனே பச்சை விளக்கைக் காட்டியது. இதிலுமா என்று பல்லைக் கடித்தான்.

மத்தியானம் வீடு திரும்பிக் கதவைத் தட்டினான். அம்மா திறந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருப்பா வேணும்? முகேஷ் காலேஜுக்குப் போயிருக்கான்."

"அம்மா, நான்மா!"

ஒரு கணம் கழித்துத்தான் அவள் முகம் மாறியது. "அட, நீயா? வெயில்ல கண்ணு கூசிப்போச்சுடா" என்று உள்ளே போனாள். வெயில் அவள் முதுகுப் பக்கம் கொல்லையில் அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் பார்த்தான். அவன் முகம்தான். ஆனால் முடி நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

அவன் அன்று தலைக்குக் குளிக்கவே இல்லை.

நேராக ஆஸ்டின் டவுனுக்குப் போனான். டொமினிக் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், உமேஷ்னு ஒருத்தர் மாடிக்கு வருவாரா? சாம்பல் கலர் ஸ்வெட்டர் போட்டு..."

டொமினிக் எழுந்து நின்றுவிட்டார். "நீ எங்கப்பா பாத்தே அவன?"

"நேத்து. மேல."

"இந்தக் கூட்டத்த ஆரம்பிச்சதே அவன்தான்பா, பல வருஷம் முன்னாடி." அவர் குரல் இறங்கிப்போனது. "மொத மொதல்ல இந்தக் கையெழுத்துக் கூட்டம் வெச்ச அன்னிக்கு, கார்டு எடுத்துனு வர மறந்துட்டான். எல்லாம் அவன் கூட்டாளிங்கதான். தெனம் பாக்கற மூஞ்சி. ஆனா ரூல்ஸு ரூல்ஸுன்னு ஒருத்தனும் டிக் போடல. 'போய் எடுத்துனு வாடா, நாங்க இருக்கோம்'னு சிரிச்சுக்குனே அனுப்பிட்டானுங்க. நல்ல மழை. கார்டு எடுத்துனு திரும்பி வர்றப்போ தண்ணி டேங்கர் அடிச்சிடுச்சி."

சிலுவை போட்டுக்கொண்டார்.

"கார்டு கையிலயே இருந்துச்சாம்பா. நீ எதுவும் போட்டுக் குடுக்கலியே?"

முகேஷ் தோள்பையிலிருந்து லேப்டாப்பை வெளியே இழுத்தான்.

"வாபஸ் வாங்கிடு. ஒடனே வாங்கிடு" என்றார் டொமினிக்.

கையெழுத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. தன் சாவிக்குரிய ரகசியச் சொல்லைத் தட்டினால் போதும். பல மாதங்களாகத் தினமும் தட்டிய சொல்.

தவறு என்றது கணினி.

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

தவறு.

அதன் பிறகு அந்த மாதம் முழுக்க அவன் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஆசிரியர்கள் வருகைப் பதிவில் அவன் பெயரைப் படித்துவிட்டு அவனைத் தாண்டி வேறு எங்கோ பார்த்தார்கள். அனுஷாவைச் சுற்றி மட்டும் எப்போதும் கூட்டம். அவள் சிரிக்கும்போதெல்லாம் அவன் சட்டையிலிருந்து கம்பளி வாடை கிளம்பியது. ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. அடுத்த கூட்டம் நடக்கும் ஞாயிறு வேதநாயகி மேடம் வருகிறார். அவர் ஒருவர் நேரில் பார்த்து, நான் நானேதான் என்று கையெழுத்திட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

அன்று காலையிலிருந்தே மழை கொட்டியது. மாடிக் கூடத்தில் வரிசை நின்றது. மேடம் வந்ததும், "இதுல முகேஷ் யாரு?" என்று கேட்டார். "போன தடவை அவர விட்டுட்டுப் போயிட்டேன்னு அனுஷா எனக்கு டெய்லி மெயில். அவர்தான் எனக்கு எல்லாம் கத்துக் குடுத்தாருன்னு ஒரே புகழ்ச்சி. அவருக்காகத்தான் இன்னிக்கு வந்ததே."

முகேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. இவள்மீதா இத்தனை நாள் எரிந்தோம்! "நான்தான் மேடம்" என்று முன்னால் வந்து அட்டையைக் கொடுத்தான்.

மேடம் அட்டையைப் பார்த்தார்.

அவன் முகத்தைப் பார்த்தார்.

மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"தம்பி, இது உங்க கார்டு இல்லையே?"

"என்னுதுதான் மேடம்! அனுஷா, நீ சொல்லு!"

அனுஷா அவனைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்ப்பது போல. "சாரி, நீங்க எந்த காலேஜ்?" என்றாள்.

"மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க போல. பரவால்ல தம்பி" என்று மேடம் சிரித்தார். "போய் உங்க கார்ட எடுத்துட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

கால்கள் தாமாகவே படியிறங்கின. பாதி வழியில் யாரோ மேலே ஏறிப் போனார்கள். இஸ்திரி போட்ட சட்டை. கையில் மூடியே தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப். இவ்வளவு மழையிலும் ஒரு சொட்டுகூட அவன்மேல் படவில்லை.

கீழே டொமினிக்கின் வீடு பூட்டியிருந்தது. தெரு தெரியாத மழை. முகேஷ் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். உறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படத்தில் அவன் கண்கள் நீலமாகக் கரையத் தொடங்கியிருந்தன.

மேலேயிருந்து அனுஷாவின் குரல் கேட்டது.

"முகேஷ், எங்கடா போயிட்ட? மேடம் உனக்காகத்தான் வெயிட்டிங்."

"இதோ வந்துட்டேன்டி!"

அது முகேஷின் குரல்.

வாசலில் நின்றவன் வாயைத் திறக்கவே இல்லை.