மடிப்புக்குள் இருந்த பூக்கொடி

விடியவே வெங்காயப் பாத்திக்குள் குந்தியதில் றஜிதாவுக்கு நாரி விட்டுப்போயிருந்தது. இடுப்பை நிமிர்த்த முடியாமல் நின்றவளுக்குப் பக்கத்தில் உதயகலாவின் சைக்கிள் சரிந்து விழுந்தது. கொக்குவிலில் தையல்கடை வைத்திருப்பவள்.

"குணமக்கா, ஜெரிசன் நாளைக்கு என்னைப் பொலிசிலை குடுக்கப்போறார்."

குணலட்சுமி களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூட யூனிபோம் தைத்து, அது கட்டுப்படியாகாமல் தோட்டக் கூலிக்கு வந்தவள். உரும்பிராயில் களவுபோன இரண்டு தண்ணிப் பம்புகளைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், றஜிதா எடுபிடி.

"அழுகையைப் பிறகு பாப்பம். நடந்ததைச் சொல்லு."

ஜெரிசனின் பழம்பொருள் காட்சிச்சாலையில் இருநூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று இருந்தது. முழுதும் கையால் தைத்தது. பெண்பிள்ளைகள் போடும் கவுன், மார்புக்குக் கீழேயே இடுப்பு. அடியில் வெள்ளை நூலில் பூக்கொடி. அதைக் கழுவ உதயகலாவிடம் கொடுத்தான். வாங்கிப்போன மறுநாள், அசலை விற்றுவிட்டுப் போலியைத் தந்துவிட்டாள், கள்ளி என்று அவள் கடை வாசலில் நின்று கத்தினான். அன்றைக்கே பத்துப் பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப்போனார்கள்.

"காய்ஞ்ச பிறகோ குடுத்தனீ?"

"இல்லையக்கா. பாயிலை விரிச்சுக் காயவிட வேணுமெண்டன். அவர் அந்தரப்பட்டு, பொறுக்காமல் ஈரத்தோடை கொண்டுபோயிட்டார்."

பின்னேரம் மூவரும் காட்சிச்சாலைக்குப் போனபோது சட்டை ஹாங்கரில் தொங்கியது. ஜெரிசன் பழைய படத்தை நீட்டினான்.

"படத்திலை ஒரு கொடி. இப்ப இரண்டு. நீளமும் நாலங்குலம் கூடீட்டுது. இருநூறு வருசத்துச் சட்டை வளந்து பூக்குமோ?"

"கொப்பி அடிக்கிற கள்ளி கொடியை எண்ணாமலோ அடிப்பாள்?" என்றாள் றஜிதா.

"நீ கொஞ்சம் பொறு," என்ற குணலட்சுமி அவனைப் பார்த்தாள். "தம்பி, ஈரத்தை எதிலை காயவிட்டனீங்கள்?"

"உந்த ஹாங்கரிலைதான்."

அவள் சட்டையின் அடியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். துணி தேத்தண்ணி நிறத்தில் பழுத்திருந்தது. இரண்டாவது கொடி இருந்த பட்டை மட்டும் தேங்காய்ப்பூப்போல் வெள்ளை. அதன் மேலும் கீழும் ஊசித் துளைகள் வரிசையாக ஓடின. ஒரு துளையில் அறுந்த நூல் துண்டு.

"வெயில் காணாத வெள்ளை. உது உள்ளுக்கு மடிஞ்சு கிடந்த துண்டு. உயரமான பிள்ளைக்குத் தைச்ச சட்டையைப் பிறகு கட்டைப் பிள்ளை ஒருத்திக்குக் குடுத்திருக்கினம். பூவோடை வெட்ட மனம் வரேல்லை, மடிச்சுத் தைச்சிருக்கினம். அக்காவின்ரை யூனிபோமைத் தங்கச்சிக்கு நானும் உப்பிடித்தான் மடிச்சனான். வெட்டினால் போச்சு, மடிச்சால் திரும்ப நீட்டலாம்."

இரண்டு துளை வரிசைகளையும் சேர்த்துப் பிடித்தாள். மேல்கொடி உள்ளே மறைந்தது. றஜிதா டேப்பை வைத்தாள்.

"நாலங்குலம் குறைஞ்சிட்டுது! படத்திலை உள்ள அதே சட்டை!"

"கழுவேக்கை நூல் அறேல்லை. ஈரப் பாரத்தோடை தொங்கவிட்டதிலை இத்துப்போன நூல் அறுந்தது. தொங்கவிட்டது நீங்கள்."

ஜெரிசன் எழுதி வைத்திருந்த பொலிஸ் முறைப்பாட்டை நாலாகக் கிழித்தான். இரண்டு கொடியும் தெரியவே சட்டையை வைப்பதாக மெல்லச் சொன்னான்.

அடுத்த கிழமை ஆறு பேர் துணியோடு கடைக்குத் திரும்பி வந்தார்கள். உதயகலாவின் மெசின் மறுபடி ஓடியது. ஜெரிசன் கடைக்கு நீர்வேலிக் கதலி வாழைக்குலை ஒன்றை ஆளிடம் கொடுத்தனுப்பினான். றஜிதா ஏழு பழம் தின்றாள்.

குலை வந்தது, அவன் வரவில்லை. எந்த வாசலில் நின்று கள்ளி என்று கத்தினானோ, அதே வாசலில் ஊர் அறிய உதயகலாவிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு ஜெரிசனிடம் இன்னும் கடனாகக் கிடக்கிறது.