இரண்டு தட்டு

மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நகரப் பேருந்துப் பணிமனை மேலாளரின் மேசைக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்த ஒரு பக்கம்.

வியாழன் மதியம் அதன் நகலோடு மனநல ஆலோசகர் ஒருவர் துப்பறிவாளரைப் பார்க்க வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண். உட்காரும்போது கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"என் குழுவுல பேசினது வெளியே போயிருக்கு சார். இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. திங்கக்கிழமை எங்க தொழில் கவுன்சில்ல விசாரணை. என் உரிமம் போயிடும்."

துப்பறிவாளர் கடிதத்தை வாங்கினார். அவருடைய மைத்துனர், நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சத்தமாகவே படித்தார்.

"'உங்கள் ஓட்டுநர் ஆலோசனை மையத்தில் தன் குழுவில் சொன்னது இது. போன ஆண்டு பணிமனையில் பேருந்தைப் பின்னால் எடுத்தபோது நசுங்கி இறந்த கிளீனர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் முறைப்படி இரண்டு முறை தட்டினார். ஓட்டுநர் அதைக் கேட்டார். இன்னும் ஓர் அடி போகலாம் என்று நினைத்தார்.'"

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் அதன் உடம்பில் ஒரு முறை தட்டினால் வரலாம், இரண்டு முறை தட்டினால் நிறுத்த வேண்டும். கிளீனர் தட்டவே இல்லை, கவனக்குறைவு என்று பணிமனை அப்போதே கோப்பை மூடிவிட்டது.

"அவர் இதை உங்க குழுவுல சொன்னாரா?"

"விபத்தைப் பத்தி ரெண்டு வாரம் முன்னாடி பேசினார். தட்டுன்னும் ஏதோ சொன்னார். எனக்கு இப்ப எதுவுமே ஓடல சார். குழுவுல யாருக்கும் யாரோட பேரும் தெரியாது. முதல் நாள் ஆளுக்கு ஒரு பட்டப்பேர் வெச்சுக்குவாங்க. அவர் பேர் பூட்டு. எங்க வேலை செய்றார்ங்கிறது பதிவேட்டுல மட்டும்தான் இருக்கு. அந்த அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு."

"அப்ப நீங்கதான்னு கவுன்சில் நினைக்கும்" என்றார் மைத்துனர்.

"நானே அப்படித்தான் நினைப்பேன்" என்றார் ஆலோசகர்.

குழு கூடும் அறை ஆலோசனை மையத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. வட்டமாக எட்டு நாற்காலிகள், நடுவில் ஒன்றுமில்லை. சுவரில் ஒரு கடிகாரமும், 'இங்கே பேசியது இங்கேயே' என்ற அட்டையும். பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒருத்தி வட்டத்துக்கு வெளியே அமர்ந்து, பேசுவதைச் சொல்லுக்குச் சொல் நோட்டில் எழுதுவது வழக்கம். அவள் நோட்டைக் கொண்டு வந்து நீட்டினாள்.

மார்ச் இரண்டாம் தேதிப் பக்கத்தைத் துப்பறிவாளர் விரித்தார்.

பூட்டு: வண்டியைப் பின்னாடி எடுத்தேன். அவன் பின்னாடி நின்னான். ரெண்டு தட்டுன்னா நிறுத்தணும். அன்னிக்கு அவன்...
ஆலோசகர்: போதும். உங்க மேல தப்பே இல்ல. அது ஒரு விபத்து.
(எல்லோரும் பூட்டுக்குத் தண்ணீர் தருகிறார்கள். அடுத்து குடை.)

ஒன்பதாம் தேதிப் பக்கத்தின் தலைப்பில், 'பூட்டு வரவில்லை' என்று இருந்தது.

படி இறங்கும்போது மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், நோட்டு அந்தப் பொண்ணு கையில. பதிவேடு மேடம் கையில. ரெண்டு பேரும் கூட்டு."

"உன்னை விட்டா வாட்ச்மேனையும் சேர்த்துப் பிடிச்சுடுவ. கொஞ்சம் பொறு மச்சான்."

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, எல்லோர் சம்மதத்தோடும் குழு கூடியது. துப்பறிவாளருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். மைத்துனர் கதவருகே நின்றார். கடிதத்துக்குப் பின் விடுப்பில் அனுப்பப்பட்டிருந்த பூட்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள்கள், மடியில் கோர்த்த கைகள்.

"அன்னிக்கு இவர் சொன்னதுல உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதை ஆளுக்கு ஒரு முறை சொல்லுங்க" என்றார் துப்பறிவாளர்.

டீச்சர் என்று பெயர் வைத்துக்கொண்ட பெண் தொடங்கினார். "வண்டியைப் பின்னாடி எடுத்தார், ஒருத்தர் செத்துட்டார். இவருக்கு அழுகை வந்துடுச்சு. அவ்வளவுதான்."

"ரெண்டு தட்டுன்னா நிறுத்தணும்னார்" என்றார் குடை என்கிற மெலிந்த மனிதர். "அதுக்குள்ள மேடம் சமாதானம் பண்ணிட்டாங்க, என் முறை வந்துடுச்சு. உண்மையைச் சொன்னா எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒருத்தர் அழுதா எனக்கும் வந்துடும், கைக்குட்டை வேற கொண்டு வரல."

மற்ற மூவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"கிளீனர் தட்டினார்னு இந்த அறையில யாருமே கேக்கல" என்றார் துப்பறிவாளர். "நோட்டுலயும் இல்ல. நோட்டுல வாக்கியம் பாதியில நிக்குது. கடிதம் அந்த இடத்துலேருந்துதான் ஆரம்பிக்குது. இங்கேருந்து எதுவும் கசியல."

ஆலோசகர் நிமிர்ந்தார்.

"அவர் தட்டினதைப் பணிமனையில யாராவது பாத்திருக்கலாம். ஆனா அது ஓட்டுநர் காதுல விழுந்துச்சு, இன்னும் ஓர் அடி போகலாம்னு அவர் நினைச்சார், இதைப் பக்கத்துல நின்னவங்களும் பாத்திருக்க முடியாது. அது ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்."

மைத்துனரின் வாய் திறந்தபடி நின்றது. டீச்சர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பூட்டின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆலோசகர் பாதி எழுந்து அவர் பக்கம் கையை நீட்டினார், ஏதோ சொல்ல உதடு பிரிந்தது. துப்பறிவாளர் தலையை மட்டும் அசைத்தார். ஆலோசகர் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று. யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. நான்கு இருபத்தாறுக்குப் பூட்டு பேசினார்.

"கேட்டுச்சு. ரெண்டு தட்டும் நல்லாவே கேட்டுச்சு. வண்டியை விட்டுட்டு வீட்டுக்குப் போற அவசரம். ஒரு அடிதானேன்னு நினைச்சேன்." கைகளைப் பிரித்து மறுபடி கோர்த்தார். "இதைச் சொல்லத்தான் இங்க வந்தேன். தப்பே இல்லன்னு சொல்லிட்டீங்க மேடம். எல்லாரும் தண்ணி குடுத்தீங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"அதனால கடிதம் எழுதினீங்க" என்றார் துப்பறிவாளர்.

"மேனேஜராவது கூப்பிட்டுக் கேப்பார்னு நினைச்சேன். குழுவுல சொன்னதா எழுதினா நம்புவாங்கன்னு எழுதினேன். அவர் ஒரு வார்த்தை கேக்கல. மருத்துவரைப் பாருன்னு லீவுல அனுப்பிட்டு, கடிதத்தைக் கவுன்சிலுக்குத் தள்ளிட்டார்." அவர் ஆலோசகரைப் பார்த்தார். "உங்க தலையில விழும்னு நினைக்கல. தெரிஞ்சப்புறமும் வாய் வரல. அவன் வேலை தெரியாதவன்னு அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்காங்க மேடம். என்னைவிட அவனுக்குத்தான் வேலை தெரியும்."

ஆலோசகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் நான் பேசாம இருந்திருந்தா போதும். அன்னிக்கு உங்களை அழவிட எனக்குப் பயமா இருந்துச்சு."



திங்கட்கிழமை கவுன்சில் புகாரை முடித்துவைத்தது. ஆலோசகரின் உரிமம் நீடிக்கிறது. ஆறு மாதம் மூத்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில் குழுவை நடத்த அவரே அனுமதி கேட்டு வாங்கினார். ஓட்டுநர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு நடக்கிறது. பணிமனைக் கோப்பில் 'கிளீனரின் கவனக்குறைவு' என்ற வரி நீக்கப்பட்டது. திருத்திய பக்கத்தின் நகல் ஏப்ரல் மூன்றாம் தேதி கிளீனரின் மனைவிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது.