கூரையில் போட்ட பல்

தண்ணீர்க் குழாயடியில் முந்திக்கொள்ள மார்ஜரி ஒரு தள்ளு தள்ளினாள். அவ்வளவுதான்! முன்னால் குனிந்து நின்ற காந்தாவின் வாய் இரும்புக் குழாயில் மோதியது. முன்பல் ஒன்று முழுசாகக் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அழாத புள்ள!" என்று பதறினாள் மார்ஜரி. "கூரையில போட்டா புதுப் பல்லு முளைச்சிடும். எனக்கு நாலு பல்லு அப்பிடித்தான் முளைச்சிச்சு."

சொன்னதோடு நின்றாளா? பல்லை வாங்கி, காந்தா குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் தகரக் கூரைமேல் வீசியும் விட்டாள். 'டங்' என்று ஒரு சத்தம்.

"வழுக்கி விழுந்துட்டேம்மா" என்றுதான் காந்தா தன் அம்மா பாப்பம்மாவிடம் சொன்னாள். மார்ஜரியைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

இரண்டு மாதம் போயிற்று. பல்லைக் காணோம். சிரிப்பு வந்தால் காந்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நாட்களில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. காந்தாவின் வீட்டுக்கும் புறப்படச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. இன்னும் ஐந்தே வாரம்; அப்புறம் ரயில், அப்புறம் கப்பல்.

"போறதுக்குள்ள முளைச்சிடும், இல்ல?" என்று கேட்டாள் காந்தா.

"முளைச்சிடும்" என்றாள் மார்ஜரி. வேறு என்ன சொல்வாள் பாவம்!

அந்த வாரம் மாத்தளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் பார்க்கும் மிஸ் வந்தார். "கேள்வி இருந்தா கேளுங்க பிள்ளைகளே" என்றார்.

வகுப்பிலிருந்த அழகமுத்து துள்ளி எழுந்தான். "மிஸ், கரியால தேய்ச்சா பல்லு சினிமாக்காரர் மாதிரி பளபளக்குமா?"

"பல்லுதான் தேயும். சட்டையும் கறுப்பாகும்!"

வகுப்பே சிரித்தது. மார்ஜரி மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் வெளியே போனதும் மெதுவாக மிஸ்ஸிடம் வந்தாள்.

"மிஸ், கூரையில போட்ட பல்லு முளைக்க எத்தனை மாசமாகும்?"

"யாருக்கு? என்ன வயசு?"

"என் கூட்டாளிக்கு, மிஸ். பத்து வயசு. முன்பல்லு."

மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. "அது பால்பல்லு இல்லம்மா. இனி முளைக்காது. விழுந்த உடனே பாலுல போட்டுக் கொண்டுவந்திருந்தா, திருப்பி வச்சுப் பாத்திருக்கலாம்."

பாலா! காந்தா வீட்டுப் பின்னால்தானே பசு கட்டியிருந்தது! மார்ஜரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இப்ப ஒண்ணும் செய்ய முடியாதா மிஸ்?"

"கட்டுப்பல்லு செஞ்சு போடலாம். கழற்றி மாட்டுற மாதிரி. மூணு வாரமாவது ஆகும். அம்மாவோட ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு."

சொல்லாவிட்டால் காந்தா பல்லில்லாமலே கப்பல் ஏறுவாள். சொன்னால் அவளைத் தள்ளிவிட்ட விஷயமும் வெளியே வந்துவிடும். மார்ஜரி வழியெல்லாம் தயங்கித் தயங்கி நடந்தாள். ஆனாலும் நேரே காந்தாவின் வீட்டுக்குத்தான் போனாள்.

"அத்தை, நான்தான் தள்ளினேன். பல்லைக் கூரையில போட்டதும் நான்தான். அது முளைக்காதாம்" என்றவள், மிஸ் சொன்ன மற்றதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அடிப்பாவி! அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" பாப்பம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

காந்தா திட்டவில்லை. "முளைக்கும்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்வி மார்ஜரியைப் போட்டு வாட்டியது. கட்டுப்பல்லுக்காக மூன்று தடவை பாப்பம்மா மகளை மாத்தளைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். அத்தனை நாளும் காந்தா மார்ஜரியோடு பேசவே இல்லை.

புறப்படுகிற அன்று லொறி வந்து நின்றது. மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தாள் காந்தா. ஓரமாக நின்ற மார்ஜரியைக் கண்டதும் கையால் மூடாமலே சிரித்தாள். புதுப் பல்! அப்புறம் அதை டக்கென்று கழற்றி, ஓட்டை வாயைக் காட்டி, "ஆ!" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். லொறி வளைவில் திரும்பியதும் மார்ஜரி தேம்பித் தேம்பி அழுதாள்.

மறுநாள் குழாயடிக்குப் போகும்போது அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். காந்தா கடல் தாண்டப் போய்விட்டாள். அவளுடைய சொந்தப் பல் மட்டும் இங்கேயே, அந்தத் தகரத்தின்மேல் எங்கேயோ கிடந்தது.