அணையாத பிரேக் லைட்

கார் கொட்டகையின் பின்சுவர் சிவப்பாக இருந்தது. மாலை நாலரை மணி. சாவி அவருடைய சட்டைப் பையில். காருக்குள் ஒருவரும் இல்லை. ஆனாலும் பிரேக் லைட் இரண்டும் எரிந்தன. நோட்டில் தேதியும் நேரமும் போட்டு 'ஏழாவது முறை' என்று அவர் எழுதி முடிப்பதற்குள் அணைந்துவிட்டன.

வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, மகள் ஓட்டிப் பழகட்டும் என்று. "ஒரே ஆள் ஓட்டின வண்டி சார். வேற கால் பட்டதே இல்ல, பட விடவும் மாட்டார்" என்று சொல்லித்தான் தரகர் கொடுத்தார். அந்த ஆள் இப்போது உயிரோடில்லை என்பதைப் பணம் கைமாறிய பிறகு சொன்னார். பிரேக் பெடலின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. குதிகால் ஊன்றிய இடத்தில் விரிப்பு ஓட்டை.

எலக்ட்ரீஷியன் பெடல் சுவிட்சை மாற்றினார், ஒயரை மாற்றினார். "இங்க வந்தா சமத்தா நிக்குது. உங்க வீட்டுக்குப் போனாத்தான் படுத்துது. செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க சார்" என்று சிரித்தார்.

நாளை மகளுக்கு லைசென்ஸ் டெஸ்ட், இதே வண்டியில். ஆகவே இன்று அவளையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, அவர் பின்னால் போய் நின்றார்.

"அழுத்து."

எரிந்தது.

"விடு."

அணைந்தது.

"பி.டி. மாஸ்டர் மாதிரி கத்தாதீங்கப்பா."

"வாயாடாம அழுத்தும்மா."

தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது. சூடான ரப்பர் வாடையோடு வேறொன்றும் கலந்து வந்தது, நாளெல்லாம் ஷூவுக்குள் கிடந்த பாதத்தின் புழுங்கல் வாடை. மகள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறியிருந்தாள்.

"விடு."

அணையவில்லை.

"விடுன்னேன்ல?"

"வரலப்பா."

"எது?"

"கால்."

பெடல் சிக்கிக்கொண்டது என்று நினைத்தார். எதற்கும் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிடுவோம் என்று முன்பக்கம் போய்ப் பானட்டைத் தூக்கினார். அது மகளை மறைத்தது. பிரேக் லைட்டின் ஃபியூஸைப் பிடுங்கினார். சுவர் சிவப்பாகவே இருந்தது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினார். சிவப்பு. பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்தார்.

சிவப்பு.

டக். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

"அப்பா." குரல் மிகவும் சின்னதாக வந்தது. "என் கால் மேல இன்னொரு கால் இருக்குப்பா. ஷூ போட்ட கால்."

ஓடினார். கைப்பிடியை இழுத்தார். சாவியைத் திருகினார், திரும்பவில்லை. கண்ணாடியை முழங்கையால் இடித்தார். ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே மகளின் வாய் திறந்து திறந்து மூடியது. இப்போது சத்தமே வெளியே வரவில்லை.

சுவரில் சிவப்பு அணைந்தது.

விட்டுவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார்.

மகள் இரண்டு கால்களையும் வெடுக்கென்று இருக்கை மேல் இழுத்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். கண் மட்டும் கீழேயே இருந்தது.

பேட்டரி தரையில் கிடந்தது. என்ஜின் கிளம்பியது.

அவர் கண்ணாடியில் முகத்தை அழுத்திக் கீழே பார்த்தார். ஆக்சிலரேட்டர் பெடல் மெல்ல, மிக மெல்ல, உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.