தண்ணீருக்குப் பின்னால் ஒளிந்த கோடு

இப்போதெல்லாம் எவனும் மூக்கை நம்புவதில்லை. காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால்தான் நாற்றமும் நாற்றம்.

கடலூர் துறைமுகத்தில் மீன் விற்கும் என் மருமகள் பிரிசில்லா, நான் முகர்ந்து பார்த்துச் சொன்னதை நம்பி, ஐஸில் பார்மலின் கலக்கிறார்கள் என்று புகார் கொடுத்தாள். பிணம் கெடாமலிருக்க ஊற்றுகிற மருந்து அது. சிதம்பரத்துத் தனியார் ஆய்வுக்கூடம் ‘இல்லை’ என்று எழுதிவிட்டது. பொய்ப் புகார் என்று சொல்லி, அவள் கடை போடும் இடத்தை மீன் வியாபாரிகள் சங்கத்தார் பிடுங்கிக்கொண்டார்கள்.

வியாழன், காலை 10.40. உணவுப் பாதுகாப்பு அதிகாரி கயல்விழியோடு அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். பொறுப்பாளர் சபாபதி எழுந்திருக்கவில்லை. அவர் மேசைமேல், பிரிசில்லா புகார் கொடுத்த அதே ஐஸ் கம்பெனியின் காலண்டர்.

“ஐஸ் தண்ணிய எப்புடி சோதிச்சீங்க?” என்றார் கயல்விழி.

“என்.எம்.ஆர். மெஷின்ல மேடம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடத்துல கோடு எழும்பும். தண்ணி கோடு மலை மாதிரி நிக்கும். அத அடக்குனாத்தான் மத்தது தெரியும்.”

“எப்புடி அடக்குனீங்க?”

“ரெண்டு விதமா. தண்ணி மேலயே ரேடியோ அலைய விட்டு ஊமையாக்குறது ஒண்ணு. கடைசியில தண்ணிய மட்டும் கழிச்சி உடறது இன்னொண்ணு. ரெண்டுலயும் பார்மலின் இல்ல.” என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, மோந்து பாக்கறதெல்லாம் மீன் கூடையோட வச்சிக்குங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கயல்விழி மெஷினருகே கிடந்த பதிவு நோட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இதே தண்ணிய மூணாவது தபாவும் ஓட்டியிருக்கீங்க. மொத ரெண்டும் இருவத்தஞ்சு டிகிரி. இது அம்பது.”

“சும்மா... மெஷின் சரியா இருக்கான்னு.”

“ஒண்ணுமில்லாத தண்ணிக்கு எதுக்குய்யா வெந்நி வச்ச?” என்றேன்.

சபாபதி நோட்டை மூடக் கை நீட்டினார். கயல்விழி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பார்மலின் கோடு தண்ணி கோட்ட ஒட்டியே நிக்கும். தண்ணிய எப்புடி அடக்குனாலும் அதுவும் சேந்து அழியும். சூடு பண்ணா தண்ணி கோடு நகந்துடும், பார்மலின் நின்ன எடத்துலயே நின்னு மாட்டிக்கும். நீங்க பாத்தீங்க. மறைச்சீங்க. அந்த மூணாவது தபா வந்த காகிதத்த எடுங்க.”

11.25. இழுப்பறையிலிருந்து வந்தது அந்தக் காகிதம். நடுவில் ஊசிபோல் ஒற்றைக் கோடு, பார்மலின் கோடு.

“ஐஸ் கம்பெனி என் மச்சானுது மேடம்...”

“அவரையும் கூப்புடுவோம்.”

வாசலில் கயல்விழி என்னிடம் ஒரு நகலை நீட்டினார். “இடம் திரும்பக் கெடைச்சிடும்யா. இதுல எல்லாம் இருக்கு.”

“போன காகிதத்துலயும் எல்லாம் இருக்குன்னுதான் சொன்னானுங்க.”

பிரிசில்லாவுக்காக வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன். மை வாசனைதான் வந்தது. மடித்துப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.